முக்குளி வாத்து

முக்குளித்து இரை தேடும் வாத்து வகையை ஆங்கிலத்தில் 'டைவிங் டக்' என்பது நன்னூல் கண்டிக்கும் 'கூறியது கூறல்'. 'டக்' என்ற சொல்லே முக்குளிப்பது என்னும் பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த காரணப்பெயர்தான். அதற்கு முன் அந்தப் பறவைக்கு 'எனெட்' என்று பெயர்; லத்தீன் 'அனாஸ்', ஜெர்மன் 'என்டெ' இரண்டும் அதன் உறவுகள். பட்டப்பெயர் நிலைத்தது, இயற்பெயர் மறைந்தது. நம் ஊர்களிலும் அப்படித்தான். சிலருடைய இயற்பெயர் ரேஷன் அட்டையில் மட்டுமே மிஞ்சுகிறது. ஜெர்மானியர் பழைய பெயரை விடாததால், முக்குளிக்கும் வாத்து என்று பொருள்படும் அவர்களுடைய 'டௌகென்டெ'யில் கூறியது கூறல் என்னும் குறை இல்லை.

எல்லா வாத்தும் இரை தேட முக்குளிப்பதில்லை. ஊசிவால் வாத்து தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே நீட்டிக்கொண்டு மேயும். முக்குளிக்கும் இனம் சிறிதாக ஓர் எம்பு எம்பி, முழு உடலோடு உள்ளே போய்விடும். நீர்வளையம் விரிந்து அடங்கியபின் வேறோர் இடத்தில் தலை தெரியும். கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி அமைந்திருப்பது உள்ளே உந்திச் செல்ல வசதி. அதனாலேயே தரையில் தள்ளாட்டம். பறக்கவும் நீர்மேல் சிறிது தூரம் ஓடியாக வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் ஆணுக்கு வெள்ளைக் கண்ணுள்ள செம்பழுப்பு வாத்து ஒன்று உண்டு. 1770இல் அதற்குச் சூட்டிய அறிவியல் பெயரில் வரும் 'நிரோக்கா' ரஷ்ய மொழியின் 'நிரோக்'. அதற்கும் முக்குளிப்பான் என்றே பொருள்!

தமிழில் 'மூழ்கு வாத்து' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. கப்பல் மூழ்கும், கடனில் குடும்பம் மூழ்கும். மீண்டு வருவது உறுதியில்லை. உள்ளே போய் வெளியே வருவதற்கு 'முக்குளித்தல்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் 'முக்குளிப்பான்' என்பது நம் ஏரி குளங்களில் காணும் சிறு பறவைக்கு ஏற்கெனவே உரிய பெயர். அது வாத்தே அல்ல. ஆகவே 'முக்குளி வாத்து'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும், இடையில் ஒற்றும் மிகாது. வாத்தைத் தாரா என்று அழைக்கும் இலங்கைத் தமிழர் 'முக்குளி தாரா' என்று எழுதலாம். என் காதுக்கு அதுதான் இன்னும் இனிமையாக இருக்கிறது.