ஒளிக்கசிவா, வெளிச்ச ஒழுக்கா?

“உன்ட கமரா ஒழுகுது மனே.”

மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒருகாலம் ஸ்டூடியோ வைத்திருந்த மாமா ஒருவர், நான் கொண்டுபோன நெகட்டிவை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது. கமரா யாஷிகா எலெக்ட்ரோ 35, 1966இல் வரத் தொடங்கிய வகை. கல்லடிப் பாலத்தை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு செம்மஞ்சள் பட்டை. ‘லைற் லீக்’ என்று நான் படித்து வைத்திருந்ததை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கார்த்திகை மழையில் கிடுகுக் கூரையைப் பார்த்துச் சொல்கிற அதே சொல்.

லைற் லீக் என்பது, லென்ஸ் வழியாக மட்டும், அதுவும் ஷட்டர் திறக்கும் நேரம் மட்டும் உள்ளே வரவேண்டிய வெளிச்சம் வேறு வழியால் புகுந்து பிலிமில் படுவது. நெகட்டிவில் அது கறுப்பாகத் தெரியும், படத்தில் வெள்ளையாகவோ செம்மஞ்சளாகவோ வரும்.

மாமாவின் வாயில் கூரைச்சொல் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கமரா என்ற சொல்லுக்கே பொருள் அறைதான். வளைந்த கூரையுள்ள அறையைக் கிரேக்கர் ‘கமரா’ என்றார்கள், இலத்தீன் அதை எடுத்துக்கொண்டது. சிறு துளை வழியாக வெளிக்காட்சி சுவரில் தலைகீழாக விழும் இருட்டறைக்கு ‘கமரா ஒப்ஸ்கியூரா’ என்ற பெயரைக் கெப்ளர் 1604இல் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்த அறை கையில் தூக்குகிற பெட்டியாகிவிட்டது. 1839இல் புகைப்படக்கலை அறிமுகமான பிறகு ‘இருட்டு’ கழன்று விழ, ‘அறை’ மட்டும் பெயராக மிஞ்சியது. இதே இலத்தீன் சொல் போர்த்துக்கேயர் வழியாகவும் இலங்கைக்கு வந்தது. சிங்களத்தில் அறை ‘காமரய’. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை ‘லயக் காம்பரா’. மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் கட்டத் தொடங்கியவர்களும் இந்தப் போர்த்துக்கேயர்தான். கமராவும் காம்பராவும் ஒருவயிற்றுப் பிள்ளைகள், வந்த கப்பல்தான் வேறு.

ஆக, ஒழுகுகிற கமரா என்றால் கூரை பொத்துப்போன அறை. இந்தப் பொருத்தம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இன்று நினைவிருக்குமா தெரியவில்லை. நமக்குக் காம்பரா இருப்பதால் கொஞ்சம் சுகம்.

இனி ‘லீக்’. எழுத்துத் தமிழில் பெரும்பாலும் ஒளிக்கசிவு என்கிறார்கள். வாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு என்று செய்தித்தாள் பழக்கிவிட்ட சொல் என்பதால் உடனே புரிகிறது. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கசிவு என்பது மெல்ல ஊறி வருவது. மண்பானை கசியும், புண் கசியும். தேவாரத்தில் ‘காதலாகிக் கசிந்து’ என்று சம்பந்தர் பாடுகிற இடத்தில் மனமே ஊறி நெகிழ்கிறது. எங்கேயிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்டமுடியாத ஈரம் அது.

ஒழுக்கு அப்படியல்ல, அதற்கு ஒரு வழி உண்டு. ‘ஒழுகு’ என்றால் இடைவிடாமல் ஒரு தடத்தில் செல்வது. நீர் போனாலும் அதுதான், மனிதன் நெறியில் நடந்தாலும் அதுதான், ‘ஒழுக்கம்’ பிறந்தது அங்கேதான். புறநானூறு 173ஆம் பாட்டில் மழைக்காலத்தில் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் தேடும் எறும்பு வரிசைக்குப் பெயர் ‘ஒழுக்கு’. கூரையில் ஒழுக்கு என்றால், ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்கும் என்று பொருள்.

இந்த வேறுபாடு கமரா திருத்துகிறவனுக்கு உண்மையாகவே உதவுகிறது. பழைய கமராக்களின் பின்கதவு பொருந்தும் பள்ளங்களில் ஸ்பொஞ்ச் ஒட்டியிருப்பார்கள். அது பொலியூரத்தேன். ஈரமும் வெக்கையும் பட்டுப் பத்து இருபது வருடத்தில் உளுத்துத் தார் மாதிரிப் பிசுபிசுக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கிற எங்கள் ஊர்க்காற்று அதற்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உளுத்த ஸ்பொஞ்சைத் தாண்டி வருகிற வெளிச்சம் விளிம்பில்லாத மங்கலாகப் பரவும். இது கசிவு. மடிப்புக் கமராவின் தோல் துருத்தி மூலையில் ஊசித்துளை விழுந்தாலோ, பழைய சோவியத் கமராவான ஜோர்கியின் துணி ஷட்டரில் துளை விழுந்தாலோ, வெளிச்சம் ஒரே வழியால் வந்து புள்ளியாகவோ கீற்றாகவோ பதியும். இது ஒழுக்கு. பொதுப்பெயராக ஒளிக்கசிவு இருக்கட்டும். துளை என்று தெரிந்த இடத்தில் ஒழுக்கு என்றே சொல்லலாம் என்பது என் கட்சி.

எங்கேயிருந்து வருகிறது என்பதை நெகட்டிவே சொல்லும். பட்டை படச்சட்டத்தைத் தாண்டி பிலிமின் ஓரத்துத் துளைகள் வரை போயிருந்தால் குற்றம் பின்கதவில். சட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் லென்ஸ் பக்கம், துருத்தி, ஷட்டர் என்று பார்க்கவேண்டும். பட்டை செம்மஞ்சளாக இருப்பதும் ஒரு தடயம். கலர் பிலிமில் சிவப்பை உணரும் படை அடியில், முதுகுப் பக்கமாக இருக்கிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முதலில் சுடுவது அதைத்தான். என்னுடைய பட்டை துளைகள் வரை போயிருந்தது, நிறமும் ஒத்துப்போனது. மாமா ஒரு பார்வையில் சொன்னதை நான் அரைமணி நேரம் படித்துக் கண்டுபிடித்தேன்.

பின்கதவுப் பள்ளத்தில் ஒட்டுகிற அந்த ஸ்பொஞ்சுக்கு ஆங்கிலத்தில் ‘லைற் சீல்’. தமிழில் ஒளித்தடுப்பு என்று ஒரு சொல் உண்டு. தடுப்பு என்றால் எனக்கு வேலியும் வீதித்தடையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒழுக்கை அடைப்பதுதானே வழக்கம்? ‘ஒளியடைப்பு’ என்பதே பொருந்தும்.

அடைப்பு மாற்றுவது கஷ்டமான வேலையில்லை, பொறுமைதான் வேண்டும். ஐசோபுரோப்பைல் அல்ககோலால் நனைத்து, பழைய தாரை ஈர்க்கால் கிளறி எடுக்கவேண்டும். உலோகத்தால் சுரண்டினால் கறுப்புப் பூச்சும் கூடவே வரும். உதிரும் துகள் ஷட்டர் பக்கம் போகாமல் கமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வது நல்லது. பிணைச்சல் பக்கத்து அடைப்புக் கொஞ்சம் அகலமானது, அங்கே புதிய ஸ்பொஞ்சுத் துண்டு வேண்டும். மேலும் கீழும் உள்ள ஒடுங்கிய பள்ளங்களுக்குக் கறுப்பு நூல் போதும். முதலில் மருதமுனைக் கைத்தறியில் மிஞ்சிய பருத்தி நூலை வைத்துப் பார்த்தேன். மெல்லிசாக இருந்தது, கதவு அழுத்தினால் மெத்தென்று இடம் கொடுக்கவில்லை. தடித்த கம்பளி நூல் சரிவந்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சிறிய எல்ஈடி விளக்கொன்றைக் கமராவுக்குள் வைத்துக் கதவைப் பூட்டி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் கீற்றில்லை.

அடுத்த றோலில் பட்டை இல்லை. பாலம் கொஞ்சம் சரிந்து நிற்கிறது. அது என் கை.