‘அன்இன்கார்ப்பரேட்டட்’ பகுதி: கோழி வளர்க்க யாருடைய விதி?

அமெரிக்காவில் வீடு வாங்கி, கொல்லையில் நான்கு கோழிகள் வளர்க்கலாமா என்று விதிகளைத் தேடுபவர் முதலில் தடுக்கி நிற்கும் சொல் ‘அன்இன்கார்ப்பரேட்டட்’ என்பதாகும். இதை ‘இணைக்கப்படாத பகுதி’ என்று பெயர்த்தால், எதிலும் சேராத, விதியே இல்லாத நிலம் என்ற பொருள் தோன்றிவிடுகிறது.

சொல்லின் வேர், உடல் எனப் பொருள்படும் ‘கார்ப்பஸ்’ என்ற லத்தீன் சொல்லாகும். பலரைச் சேர்த்து, சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் தகுதியுள்ள ஒரே சட்ட உடலாக ஆக்குவதே ‘இன்கார்ப்பரேட்’ செய்தல். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியைக் ‘கார்ப்பரேஷன்’ என்று நாம் அழைப்பதும் இவ்வேரிலிருந்து வந்ததே. இலங்கைச் சட்டத் தமிழ் இச்செயலைக் ‘கூட்டிணைத்தல்’ என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் ‘கூட்டிணைக்கப்படாத பகுதி’ என்றால் சட்டம் பயிலாதவருக்கு விளங்காது.

அவ்வாறு நகராட்சியாக உடல் பெறாத நிலமே இங்கே சுட்டப்படுகிறது. அங்கே இல்லாதது நகராட்சி மட்டுமே. ஆட்சி உண்டு, அது பெரும்பாலும் கவுண்டியிடம் (மாநிலத்தின் உட்பிரிவு, ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது) இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸும், லாஸ் வேகஸின் புகழ்பெற்ற சூதாட்ட வீதியின் பெரும்பகுதி அமைந்துள்ள பாரடைஸும் இத்தகைய பகுதிகளே என்பதால், இதைச் சிற்றூர் என்று கொள்வதும் பிழை. ‘ஊராட்சிப் பகுதி’ என்பதும் பொருந்தாது. நம் ஊராட்சி தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைப்பு, அந்த அமெரிக்கப் பகுதிகளில் இல்லாததோ அத்தகைய உள்ளூர் அமைப்புத்தான். ஆகவே ‘நகராட்சி அமையாத பகுதி’ என்பதே என் தெரிவு.

இந்தப் பொருள் தெளிவானால் கோழிக்கான விதி எங்கே இருக்கிறது என்பதும் தெளிவாகும். அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப்பெயரை நம்பக் கூடாது. அது அஞ்சலகத்தைக் குறிக்குமேயன்றி நகர எல்லையைக் குறிக்காது. கவுண்டியின் மனை வரைபடத்தில் தம் மனையைத் தேடி, அது எந்த நிலப் பயன்பாட்டு மண்டலத்தில் உள்ளது என்று பார்த்த பிறகே கவுண்டியின் விதித்தொகுப்பைத் திறக்க வேண்டும். அங்கும் விதி ஓரிடத்தில் இராது: கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரர், அக்கவுண்டித் தொகுப்பில் விலங்குகளைப் பற்றிய 10ஆம் தலைப்பையும் நிலத்திட்டம் பற்றிய 22ஆம் தலைப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். கோழிகளின் எண்ணிக்கை, கூட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் இடையே விடவேண்டிய தூரம், சேவலுக்கு இடமுண்டா என்பன பொதுவாக இத்தகைய பிரிவுகளில் வரும். (இவ்விதிகளை ஆங்கிலத்தில் ‘ஆர்டினன்ஸ்’ என்பர், இந்திய வழக்கை நினைத்து அதை ‘அவசரச் சட்டம்’ என்று பெயர்ப்பது வேடிக்கையான பிழை, ‘உள்ளாட்சி விதி’ என்பதே சரி.)

எல்லா மாநிலங்களுக்கும் இது ஒன்றுபோல் பொருந்தாது. டெக்சாஸில் கவுண்டிகளுக்கு நில மண்டலம் வகுக்கும் பொது அதிகாரம் இல்லை. இல்லினாயில் நகராட்சி தன் எல்லைக்கு வெளியே ஒன்றரை மைல் வரை மண்டல விதியை நீட்டிக்கச் சட்டம் இடந்தருகிறது. எனவே நகராட்சி அமையாத நிலத்திலும் நகராட்சியின் விதி செல்லக்கூடும். கவுண்டி அனுமதித்தாலும், வீட்டுப் பத்திரத்தோடு இணைந்த குடியிருப்போர் சங்க ஒப்பந்தம் கோழியைத் தடுக்கலாம். அது அரசு விதியன்று, தனியார் உடன்பாடு, ஆகையால் கவுண்டி அலுவலகத்தில் கேட்டால் அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார்கள். பத்திரத்தைத்தான் புரட்ட வேண்டும்.