விடியற்காலை வயிற்றுவலி

ஐப்பசி மழை விட்டிருந்த ஓர் இரவு. காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எனக்கு நைட் டியூட்டி. நாலரை மணிக்கு 50 வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவை மகள் ஆட்டோவில் கூட்டி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தார். இரண்டு தடவை வாந்தி. "நேத்து விசேஷ வீட்டுல சாப்பிட்டது ஒத்துக்கல சிஸ்டர்" என்றாள் மகள். பி.பி. 130/80, நாடி 96, ஆக்சிஜன் 98. டியூட்டி டாக்டர் அசிடிட்டி ஊசி எழுதினார். போட்டுவிட்டு, எண்களைக் கேஸ் ஷீட்டில் ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினேன்.

"கண்ணு சொக்குது சிஸ்டர், திறக்கவே முடியல."

வலியில் துடிக்கிறவருக்கு எப்படித் தூக்கம் வரும்? திரும்பி வந்தேன்.

"ராத்திரி எங்கக்கா படுத்திருந்தீங்க?"

பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அவர். சொந்தக்காரர்கள் வெளியூரில். வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில், ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். எதுவும் கடித்ததாகத் தெரியவில்லை. "எறும்பு மாதிரி சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்."

தலையை அசைக்காமல் என் விரலை மேலே பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஆவதற்குள் இரண்டு இமையும் இறங்கிவிட்டன. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், 18 வரை போனார். பத்து நிமிஷம் கழித்து 11. தலையணையை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. ஆக்சிஜன் அப்போதும் 98தான். மூச்சுத் தசைகள் தளர்ந்து வெகுநேரம் ஆன பிறகுதான் விரலில் மாட்டும் கருவி குறைத்துக் காட்டும். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் காலம் கடந்துவிடும்.

டாக்டரிடம் "கொஞ்சம் டல்லா இருக்காங்க சார்" என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? "இமை இறங்குது, எண்ணுறது 18லிருந்து 11 ஆயிடுச்சு, தரையில படுத்திருக்காங்க, கட்டுவிரியனா இருக்கலாம்" என்றேன். வந்து பார்த்தார். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏறியது. விடிவதற்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம்.

உடம்பு முழுக்கத் தேடியும் கடிவாய் கிடைக்கவில்லை. கட்டுவிரியனின் பல் அத்தனை சிறியது, வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. பாம்புக்கடிக்குச் செய்யும் 20 நிமிஷ ரத்தம் உறையும் சோதனையும் சரியாகவே வரும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம்தான் ரத்தத்தை உறையவிடாது. கட்டுவிரியன் நரம்பைப் பிடிக்கும். சோதனை சரியென்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஒன்றைச் செவிலியர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். முழுவதும் செயலிழந்த நோயாளி கண் திறக்க மாட்டார், விரல் அசைக்க மாட்டார், ஆனால் நினைவு இருக்கும், காது கேட்கும். அந்த அக்காவிடம் ஒவ்வொரு முறை சளி உறிஞ்சும்போதும் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டே செய்தேன். நாலாம் நாள் குழாயை எடுத்ததும் அவர் முதலில் கேட்டது, மகள் சாப்பிட்டாளா என்று. முந்தின நாள் அவர் தலைமாட்டில் நின்று "நீ இன்னும் சாப்பிடலையா?" என்று மகளை நான் கடிந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலியோடு இமை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ பாம்பை நினையுங்கள். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஓமத் தண்ணீர், சோடா எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள்.