இருமடங்கு சிப், இருமடங்கு பணம் அல்ல

2023 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற சீட்டாட்டத் தொடரின் முதன்மைப் போட்டியில் 10,043 பேர் ஆடினார்கள். ஆளுக்கு 10,000 டாலர் கட்டணம். அதற்குப் பந்தயம் வைக்க 60,000 சிப், அதாவது வில்லைக் கணக்கு, கொடுப்பார்கள். சிப் தீர்ந்தால் எழுந்து போய்விட வேண்டும், மறுபடி பணம் கட்டி உள்ளே வர முடியாது. கடைசியில் அத்தனை பேரின் சிப்பும் டேனியல் வைன்மன் என்பவர் முன்னால் வந்து குவிந்தது. பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலர்.

60,000 சிப்பை வைத்து அவ்வளவையும் சேர்க்க எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்? 13 முறை இரட்டித்தால் 8,192 மடங்கு ஆகும். அதுவும் போதாது, இன்னும் கொஞ்சம் வேண்டும்.

இப்போது ஒரு கற்பனை. கைக்கு வரும் இரண்டு சீட்டில் மிகச் சிறந்தது ஏஸ் ஜோடி. அது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். மேசையில் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் ஓடும் என்பதால், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு தடவை. உங்களுக்கு யோகம் அடித்து 13 முறையும் அது வருகிறது. 13 முறையும் எதிராளி ராஜா ஜோடியோடு மாட்டுகிறார். இருவருமே எல்லாச் சிப்பையும் நடுவில் தள்ளுகிறீர்கள். அதாவது ஆல்-இன். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு 82 சதவீத வாய்ப்பு. ஆனால் 13 முறையும் பிழைத்து வருவதற்கு? 0.82-ஐ 13 தடவை பெருக்கினால் 8 சதவீதம்கூட வராது.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது ஆல்-இன் மோதல்களைத்தான். ஆனால் கைதேர்ந்தவர்கள் முடிந்தவரை அதைத் தவிர்க்கிறார்கள். சீட்டைக் காட்டாமலேயே சின்னச் சின்னத் தொகையாகச் சேர்ப்பதுதான் அவர்களின் தொழில்.

சீட்டைக் காட்டாமல் எப்படி ஜெயிப்பது? அதே முதன்மைப் போட்டியின் 2003 இறுதிக் கட்டம். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபர்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரரும் மட்டும் மிச்சம். மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜா, ஒரு ஏழு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் ஐந்து சீட்டில் 9, 2, 6, 8 என்று நான்கு வந்துவிட்டன. அதில் மூன்று இஸ்பேட். இன்னொரு இஸ்பேட் வந்தால் ஐந்தும் இஸ்பேட், ஒரு ஐந்தோ பத்தோ வந்தால் ஐந்து எண்கள் வரிசையாக; எது வந்தாலும் கை பலமாகிவிடும். அவர் கண்ணில் படாத 46 சீட்டில் அப்படிப்பட்டவை 15, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. கடைசிச் சீட்டாக வந்தது ஒன்றுக்கும் உதவாத மூன்று. ஃபர்ஹாவிடம் இரண்டு ஒன்பது சேர்ந்த ஒரு ஜோடி இருந்தது. காட்டியிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். மணிமேக்கர் எல்லாச் சிப்பையும் தள்ளினார். ஃபர்ஹா வெகுநேரம் யோசித்துவிட்டு, சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகினார். கொஞ்ச நேரத்தில் பட்டம் மணிமேக்கருக்கு.

சரி, நல்ல சீட்டு வரும்வரை சும்மா இருந்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு விடமாட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் வைத்தாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தத் தொகை ஏறும். காத்திருப்பவரின் சிப் தானாகக் கரையும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கணக்கு இனிமேல்தான் வருகிறது. மூன்று பேர் மிச்சம், மூவரிடமும் சம அளவு சிப் என்று வைத்துக்கொள்வோம். பரிசுகள் 50, 30, 20 லட்சம். ஒவ்வொருவரின் நிலையும் சராசரியாக 33.3 லட்சம் பெறும். ஒருவர் ஆல்-இன் போகிறார், நீங்கள் ஏற்கலாமா? தோற்றால் உங்களுக்கு மூன்றாம் பரிசான 20 லட்சம். ஜெயித்தால் மொத்தச் சிப்பில் மூன்றில் இரண்டு பங்கு உங்களிடம். முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு சிப்பின் விகிதப்படி என்று எடுத்தால், உங்கள் மதிப்பு 43.3 லட்சம். சிப் இரட்டித்தது, பணம் இரட்டிக்கவில்லை. ஜெயித்தால் கூடுவது 10 லட்சம், தோற்றால் போவது 13.3 லட்சம். ஆக, குறைந்தது 57 சதவீத வாய்ப்பு இருந்தால்தான் ஏற்க வேண்டும். உங்களிடம் இரண்டு ஏழு, எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் என்றால் உங்கள் வாய்ப்பு சுமார் 55. அவர் சீட்டைத் திருப்பியே காட்டினாலும், பாதிக்கு மேல் ஜெயிக்கக்கூடிய கையைத் தூக்கிப் போடுவதே சரி! போக்கர் ஆடுபவர்கள் இதை ஐ.சி.எம். கணக்கு என்பார்கள்.

இதையெல்லாம் அறிந்து ஆடுவதால் பலன் உண்டா என்றால், உண்டு. 2010 தொடரின் முடிவுகளை ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். தொடருக்கு முன்பே திறமைசாலிகள் என்று அடையாளம் காணப்பட்டவர்களுக்குக் கட்டிய பணத்தின் மேல் சராசரியாக 30 சதவீதத்துக்கும் மேல் லாபம்; மற்றவர்களுக்குச் சுமார் 15 சதவீத நஷ்டம். ஆனால் இது பலருடைய சராசரி. தனி ஒருவருக்கு அந்த 13 இரட்டிப்பின் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

தொடர் தொடங்கிய காலத்தில் இந்த 57 சதவீதச் சிக்கல் கிடையாது. 1977 வரை முதன்மைப் போட்டியின் பரிசு முழுவதும் ஜெயித்த ஒருவருக்கே போனது; 1978-இல்தான் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கே எல்லாம் என்றால் சிப் இரட்டிக்கும்போது பணமும் இரட்டிக்கும், 50-ஐத் தாண்டினாலே ஏற்கலாம். அந்தக் காலத்தில் 1976, 1977 என்று அடுத்தடுத்து வென்றவர் டாய்ல் பிரன்சன். இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது ஒரு பத்தும் ஒரு இரண்டும். பத்துப் பேர் உட்கார்ந்த மேசையில் அதை யாரும் யோசிக்காமல் தூக்கிப் போடுவார்கள். இரண்டு முறையும் நடுவில் இன்னொரு இரண்டும் இரண்டு பத்துகளும் விழுந்தன; கையோடு சேர்த்தால் மூன்று பத்தும் ஒரு ஜோடி இரண்டும், ஜெயிக்கும் கை. இன்றைக்கும் போக்கர் மேசையில் பத்து-இரண்டுக்கு ‘டாய்ல் பிரன்சன்’ என்றுதான் பெயர்.