கரியாலுக்கு ஆறு மட்டும் போதாது, மணலும் வேண்டும்

கரியால் ஒரு முதலை வகை. அதன் வாய் மெலிந்து நீண்டது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட கூரிய பற்கள். தண்ணீருக்குள் தலையைப் பக்கவாட்டில் வீசித்தான் அது மீன் பிடிக்கும். அகன்ற வாயை அப்படி வீசினால் தண்ணீர் தடுக்கும், மீன் தப்பிவிடும். ஒல்லியான தாடையோ எளிதாகத் தண்ணீரைக் கிழித்துப் போகிறது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்களில் வழுக்கும் மீனும் சிக்கிவிடும். அப்புறம் மீனின் தலை முதலில் உள்ளே போகும்படி திருப்பி விழுங்கும். பெரிய விலங்கை இழுத்துக் கிழிக்க இந்தத் தாடைக்கு வலு கிடையாது.

கால்களுக்கும் வலு குறைவு. மற்ற முதலைகள் வயிற்றைத் தூக்கி நடக்கும்; வளர்ந்த கரியாலால் அது முடியாது. மணலில் வயிறு தேய நகரும். ஆறு கெட்டுப்போனால் கரையேறி வேறிடம் தேடிப் போக அதற்கு வழியில்லை.

வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சொம்பு மாதிரி ஒரு புடைப்பு வளரும். சொம்புமூக்கு முதலை என்று இதைச் சொல்வது அதனால்தான். மூச்சு அதன் வழியே வெளியேறும்போது ரீங்காரம் எழும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெண் ஆற்றோர மணல்மேட்டில் குழி தோண்டி 40 முட்டை அளவுக்கு இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஜூனில், மழை வெள்ளத்துக்குச் சற்று முன், முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் மணலைத் தோண்டிவிடும். வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஓரிடத்தில் கூடுவதுண்டு. பெரிய ஆண் ஒன்று அருகிலேயே காவலிருக்கும், குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக் கிடக்கும். எனக்கு இந்த விலங்கில் ஆகப் பிடித்த செய்தி இதுதான்.

1970களில் கரியால் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 1975இல் இந்தியாவில் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்து, குஞ்சுகளை வளர்த்து, ஆயிரக்கணக்கில் ஆற்றில் விட்டார்கள். ஆனாலும் 2007இல் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே சம்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன.

குஞ்சு வளர்ப்பது எளிய பாதிதான். மீன்வலையில் நீண்ட வாய் மாட்டிக்கொண்டால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகும். அணைகள் ஓட்டத்தை நிறுத்துகின்றன. எல்லாவற்றையும்விட மணல் கொள்ளை மோசமானது: முட்டையிடும் மேடே காணாமல் போகிறது. ஒடிசாவில் மகாநதியின் சத்கோசியாவில் பல ஆண்டுகள் கரியால்களைக் கொண்டுவந்து விட்டும், அங்கே இயற்கையாகக் குஞ்சு பொரிக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பல் சரணாலயத்தில் மணல் அள்ளத் தடை உண்டு. அந்தத் தடையை மீறி ஓடும் டிராக்டர்களை நிறுத்தாமல், வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுபோய் விடுவதில் பெரிய பயன் இருக்காது.