ஃபெங் சுய்: வளியும் நீரும் ஐந்து நிறங்களும்

இடமும் திசையும் நிறமும் பார்த்து வாழிடத்தையும் கல்லறையையும் அமைக்கும் சீனக் கலையின் பெயராக, ஃபெங் சுய், பெங்சூயி, ஃபெங் ஷுயி எனத் தமிழில் பலவாறு எழுதப்படும் சொல், சீனத்தில் இரண்டே எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்துக்குக் காற்று என்றும் இரண்டாவதற்கு நீர் என்றும் பொருள். பெய்ஜிங் வழக்கில் அது ஏறத்தாழ ‘ஃபங்ஷுவெய்’ என்றும், ஹாங்காங்கில் வழங்கும் கான்டனீயத்தில் ‘ஃபுங் சொய்’ என்றும் ஒலிக்கும். நாம் எழுதும் ‘சுய்’ ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்ணால் பார்த்து எழுதியதே தவிர, காதால் கேட்டு எழுதியதன்று. ஆயினும் வாசகர்களுக்குப் பழகிவிட்டதால் இங்கும் அந்த வடிவமே ஆளப்படுகிறது.

காற்றும் நீரும் ஒரு கலைக்குப் பெயராக வந்த காரணத்தை அறிய இடுகாட்டுக்குத்தான் போக வேண்டும். கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் ‘ஸாங் ஷூ’, இறந்தவரை அடக்கம் செய்வதற்கு இடம் தேரும் நூல். ‘சி’ எனப்படும் உயிராற்றல் காற்றில் ஏறிச் சென்றால் சிதறிப்போகும், நீரை எட்டினால் நின்றுவிடும், முன்னோர் அதைச் சிதறாமல் சேர்த்துவைக்க முயன்றதால்தான் இம்முறைக்கு ஃபெங் சுய் என்று பெயர் என அந்நூல் தானே சொற்பொருள் கூறுகிறது. பின்னால் மலை, முன்னால் நீர், இருபுறமும் தாழ்ந்த குன்றுகள் என்பது அதன் நல்ல நிலம். வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் நாட்டில் இந்த அமைப்பின் பயன் சொல்லாமலே விளங்கும். இந்தப் பெயருக்கு முன்னரே ஹான் பேரரசின் காலத்தில் ‘கன்யூ’ என்ற சொல் வழங்கியது. ‘கன்’ வானத்தின் வழி, ‘யூ’ நிலத்தின் வழி என்று அதற்கு உரை கூறினர். ‘தீலி’, அதாவது நிலத்தின் ஒழுங்கு, என்பது இன்னொரு பெயர். இன்று அதே ‘தீலி’ சீனப் பள்ளிகளில் புவியியல் பாடத்தின் பெயராக இருக்கிறது.

தமிழில் இதற்குச் ‘சீன வாஸ்து’ என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. இது பொருந்தாது என்பதே என் கருத்து. வாஸ்து என்பது ‘தங்குதல், வாழ்தல்’ என்னும் பொருளுடைய ‘வஸ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்து, உறையுளையும் மனையையும் குறிப்பது. கல்லறைக்கு இடம் பார்த்ததில் பெயர் பெற்ற ஒரு கலைக்கு, வாழுமிடத்தைக் குறிக்கும் சொல்லைச் சூட்டுவது சொல்லுக்கும் பொருளுக்கும் நேரும் முரண். மனையடி சாஸ்திரம் என்பதும் உதவாது. அது மனையின் நீள அகலங்களுக்கு அடிக்கணக்கில் பலன் சொல்வது. நேரான தமிழ் வேண்டுமெனில் ‘வளிநீர்’ என்பேன். சீனச் சொல் ‘காற்றும் நீரும்’ என்று விரிவதுபோலவே இதுவும் ‘வளியும் நீரும்’ என விரியும் உம்மைத்தொகை. முறையைக் குறிக்கும்போது ‘வளிநீர் நெறி’ என்னலாம். ‘சி’ என்பதற்கு மட்டும் ‘உயிர்வளி’ என்று எழுதிவிடக் கூடாது. அதை அறிவியல் பாடநூல்கள் ஆக்சிஜனுக்கு என்றோ எடுத்துக்கொண்டுவிட்டன. ‘உயிராற்றல்’ போதும்.

அறையை அலங்கரிக்க ஃபெங் சுய் நூல்களைத் திறப்பவர் முதலில் காண்பது ஐந்து நிறங்களின் பட்டியல். மொழிபெயர்ப்பின் அடுத்த இடறல் அங்கேதான். ‘வூ சிங்’ என்ற ஐந்தின் தொகுதியைப் பலர் ‘பஞ்சபூதங்கள்’ என்று பெயர்க்கின்றனர். நம் ஐம்பூதங்கள் நிலம், நீர், தீ, வளி, விசும்பு. சீனத்தின் ஐந்தோ மரம், தீ, மண், உலோகம், நீர். அவற்றில் காற்றும் இல்லை, வானும் இல்லை. மேலும் அத்தொகுதியின் பெயரிலுள்ள ‘சிங்’ என்ற எழுத்துக்கு நடத்தல், செல்லுதல் என்று பொருள். ஆகவே அவை பொருள்களைவிட மாற்றங்களையே குறிக்கின்றன: மரம் தீயை வளர்க்கும், தீ சாம்பலாகி மண்ணாகும், மண் உலோகத்தைத் தரும், உலோகம் நீரைத் தரும், நீர் மரத்தை வளர்க்கும். ‘ஐந்தியக்கம்’ என்பது இதற்குப் பொருத்தமான தமிழாக இருக்கும்.

ஒவ்வோர் இயக்கத்துக்கும் ஒரு திசையும் ஒரு நிறமும் உண்டு. தெற்குக்குத் தீயும் சிவப்பும், மேற்குக்கு உலோகமும் வெள்ளையும், வடக்குக்கு நீரும் கறுப்பும், நடுவுக்கு மண்ணும் மஞ்சளும் உரியன. பெய்ஜிங்கின் ஜோங்ஷான் பூங்காவில், மிங் பேரரசர் 1421-இல் அமைத்த நிலத்தெய்வ மேடையின் மீது இந்த முறைப்படியே ஐந்து நிற மண் பரப்பப்பட்டிருக்கிறது. கிழக்குக்கு உரியது மரம்; அதன் நிறம் ‘ச்சிங்’. கைந்நூல்கள் இதைப் ‘பச்சை’ என்று எழுதிக் கடந்துவிடுகின்றன. சீனத்தில் புல்லும் ச்சிங், வானமும் ச்சிங், இளமையின் கருங்கூந்தலும் ச்சிங். தமிழருக்கு இதில் வியப்பு இராது. திருமாலைப் பச்சைமாமலை போன்ற மேனியன் என்றும், நீலமேனியன் என்றும், கார்வண்ணன் என்றும் ஒரே உடலுக்கு மூன்று நிறம் சொல்லிப் பாடிய மொழி நம்முடையது. இன்றைய சீனர் சாயக் கடையில் பச்சைக்கு ‘ல்யூ’ என்றும் நீலத்துக்கு ‘லான்’ என்றும் தனித்தனியே கேட்பார்கள். ச்சிங் பழஞ்சொற்களிலும் தொடர்களிலும் தங்கிவிட்டது.

இக்கைந்நூல்களில் வரும் ‘நிறங்களின் பொருள்’ என்ற தொடரும் சீர்தூக்கத் தக்கது. சிவப்பு என்றால் வேட்கை, வெள்ளை என்றால் தூய்மை என்று வரும் விளக்கங்கள் சீன மூலத்திலிருந்து வந்தவை அல்ல. சீன மரபில் வெள்ளை துக்கத்தின் உடை. வளிநீர் நெறியில் ஒரு நிறம் எதைச் சொல்கிறது என்பதைக் காட்டிலும் எங்கே நிற்கிறது, எதை வளர்க்கிறது, எதை அடக்குகிறது என்பதே கேள்வி. எனவே ‘நிறப்பொருள்’ என்பதை விட ‘நிறநிலை’ என்பது நெருக்கமான தமிழ். பெய்ஜிங் அரண்மனை வளாகத்தின் கூரைகள் பெரும்பாலும் மஞ்சள் ஓடு வேய்ந்தவை; ஆனால் 1776-இல் கட்டி முடிக்கப்பட்ட வென்யுவான்கே நூலகத்துக்குக் கறுப்பு ஓடு. கறுப்பு நீருக்கு உரியது, நீர் தீயை அடக்கும், நூலகம் அஞ்சுவது தீயை.

இந்த நிறநிலை ஒரு சிறிய அறைக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதை அண்மையில் கண்டேன். என் தங்கை மகள், பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட தன் அறைக்கு வண்ணம் பூச எண்ணி, இரண்டு கைந்நூல்களிலிருந்து குறிப்பெடுத்து வந்தாள். அறைக்குக் கதவு கிழக்குச் சுவரில். தென்மேற்கு மூலைக்கு ஒரு நூல் மஞ்சள் என்றது, மற்றொன்று ஊதா என்றது. எது பிழை என்று கேட்டாள். இரண்டும் அவற்றின் முறைப்படி சரிதான். முதல் நூல் திசைகாட்டியைக் கொண்டு பார்க்கும் பழைய முறையைப் பின்பற்றியது. அதில் தென்மேற்கு மண்ணுக்கு உரியது. இரண்டாவது, லின் யுன் என்பவர் அமெரிக்காவில் 1980-களில் பரப்பிய முறை. அதில் திசைகாட்டிக்கே வேலையில்லை. வாசலில் நின்று உள்நோக்கினால் இடப்புறத்துத் தொலைமூலை எதுவோ அது செல்வத்தின் மூலை, அதற்கு ஊதா. கிழக்கு வாசலில் நின்று மேற்கு நோக்குபவருக்கு இடக்கை தெற்கு. ஆகவே அந்த மூலை தென்மேற்காகிறது. ஒரே மூலைக்கு இரண்டு நிறம் கேட்பவை, ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு வேறு முறைகள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு என்றேன்; அவள் திசைகாட்டியை எடுத்துக்கொண்டாள்.

அப்படியானால் கதவிருக்கும் கிழக்குச் சுவருக்கு வேண்டியது ச்சிங். கைந்நூலை நம்பி முன்பே வாங்கி வைத்திருந்த கிளிப்பச்சையை ஒரு முழம் பூசிப் பார்த்தவள், மருத்துவமனைத் திரைச்சீலைபோல் இருக்கிறது என்று நிறுத்திவிட்டாள். பச்சையும் நீலமும் ஒன்றிலொன்று மறையும் நிறத்துக்குத் தமிழில் பெயர் இருக்கிறதா என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. பட்டுச்சேலைக் கடைகளில் நாள்தோறும் புழங்கும் ‘மயில்கழுத்து’ அதுதான். பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக நெய்யப்படுவதால், அந்தப் பட்டு மடிப்புக்கு மடிப்பு நீலமாகவும் பச்சையாகவும் மாறிக் காட்டும். ச்சிங்கில் அடங்கிய கருமை இதில் இல்லை என்றாலும், ‘பச்சை’யை விட இதுவே மூலத்துக்கு அருகில் நிற்கிறது. வண்ணக்கடையின் அட்டையில் அந்தப் பெயர் இல்லை. அவள் தன் அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் மேசைமேல் விரித்தாள். அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த மடிப்பின் நிறம் வேண்டும் என்று கேட்டாராம்.