பொதிகைக்கு நீலம் தீட்டும்போது தாளுக்குள் நடப்பது

அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரையில் சாயங்காலம் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை ஒரே மலையாகத் தெரியாது, ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து வரிசை, பின்னால் போகப்போக நீலம் வெளிறி, கடைசி வரிசை எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. இதைத் தண்ணீர் மை பிரஷ் பேனாவால் வரைய ரொம்ப நாள் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் வெளிற வேண்டிய இடத்தில் அடர்த்தியாக ஒரு கோடு விழுந்துவிடும்.

அந்தக் கோடு ஏன் விழுகிறது என்று புரிந்த பிறகுதான் மலை வந்தது.

இந்தப் பேனாக்களில் பெரும்பாலும் இருப்பது தண்ணீரில் கரைந்த சாயம், கூடவே நுனி காயாமலிருக்கக் கிளிசரின் மாதிரி ஈரம் பிடித்து வைக்கும் பொருள். தாளோ இழைகளால் ஆனது. பத்தமடைப் பாயில் கோரை ஒழுங்காக ஓடும், தாளில் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அகல் விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதல்லவா, அதே நுண்புழை ஈர்ப்பால் இழைகளுக்கு நடுவேயுள்ள சந்துகள் மையை உள்ளே இழுக்கின்றன. ஈரம் இருக்கும்வரை சாயம் நகரும். ஈரம் போனால் இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, கோடு? ஈரத் திட்டின் ஓரம்தான் முதலில் காயும். அங்கே ஆவியான தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், சாயத்தையும் கூடவே கொண்டுபோய்ச் சேர்க்கும். சிந்திய காப்பித் துளி காய்ந்தால் நடு வெளுத்து ஓரம் மட்டும் கறுத்து நிற்பதும் இதனால்தான். 1997இல் இயற்பியலாளர்கள் இந்த ஓட்டத்தைக் காப்பித் துளியை வைத்தே விளக்கினார்கள்.

ஆகவே ஓரம் காயும் முன் வேலையை முடிக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஃபேனும் ஓடினால், அதற்குக் கிடைப்பது சில நொடிகள்தான். நான் முதலில் ஃபேனை நிறுத்துவேன். வெளிர்நீலத்தை முழுவதும் பூசித் தாளை நனைத்துக்கொண்டு, மலை முகட்டில் மட்டும் அடர்நீலம் வைத்து, உடனே வெளிர்நீலப் பேனாவால் அடிவாரம் நோக்கி இழுப்பேன். அதன் நுனி அடர்நீலத்தை உறிஞ்சிக் கறுக்கும், பயப்பட வேண்டாம், வேறு தாளில் கிறுக்கினால் போய்விடும். அடிவாரத்து மூடுபனிக்கு வெறும் தண்ணீர்த் தூரிகை போதும்.

தாள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண நோட்டுத் தாள் மையைச் சட்டென்று குடித்துவிடும், நாலு முறை தேய்த்தால் இழை உரிந்து திரியாகக் கிளம்பும். நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பதால் தண்ணீர் சற்று நேரம் மேலேயே நிற்கும், நிறத்தை இழுக்க அவகாசம் கிடைக்கும்.

ஐப்பசி அடைமழையில் கதை தலைகீழ். காற்றே ஈரமாக இருப்பதால் தாள் லேசில் காயாது, அவசரப்பட்டு அடுத்த மலையைத் தீட்டினால் முந்தின மலைக்குள் ஊறிவிடும். அப்போது புறங்கையைத் தாளில் மெதுவாக வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.